ஆயில் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி: மன்னார்குடியில் அப்பா தொடங்கிய மளிகை மொத்த வியாபாரத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு எங்களிடம் குட்டியானை இருந்தது. இரண்டு வருடம் முன்பு அதைக் கொடுத்துவிட்டு, ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவான மொத்த எடை உள்ள, பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் லாரியைப் புதிதாக வாங்கினோம். கோட்டூர், திருமக்கோட்டை, வடுவூர் பக்கத்து ஊர்களில் தினமும் 25 கடைகளுக்குச் சரக்கு போடுகிறோம். நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பருப்பு, மிளகாய், வெங்காயம் எல்லாம் திருச்சியிலிருந்து பார்சல் லாரியில் வருகிறது. நான்கு மாதமாக டேஷ்போர்டில் ஃபில்ட்டர் விளக்கு எரிகிறது. சில நாள் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். மூன்று வாரத்தில் மறுபடி விளக்கு. இப்போது டிபிஎஃப் என்கிற அந்தப் புகை ஃபில்ட்டரையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். வெளியில் ஒரு மெக்கானிக், அதை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரையும் மாற்றித் தருகிறேன் என்கிறார். புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்ப்ளூவுக்குக் காசு கொடுப்பானேன், வீட்டில் கிடக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமே என்கிறார் டிரைவர். 'குட்டியானை இருந்திருந்தால் இந்தத் தொல்லை உண்டா' என்று அப்பா தினமும் கேட்கிறார். வெட்டலாமா, மாற்றலாமா, விற்றுவிடலாமா? ஒரே ஒரு நல்ல செய்தி, இன்ஜின் ஆயில் குறையவே இல்லை, கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். ஓடுகிற இன்ஜினில் ஆயில் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். கூட மட்டும் கூடாது. கூடினால் வேறு ஏதோ உள்ளே இறங்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் இறங்கியிருப்பது பெரும்பாலும் டீசல். எப்படி இறங்கியது என்று பின்னால் சொல்கிறேன். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, விரலில் தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, டீசல் வாடை அடிக்கிறதா? அப்படியென்றால் நாளை லைனுக்கு அனுப்பாமல் ஆயிலையும் ஆயில் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அளவு மிகவும் ஏறிவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆயிலை மாற்றும்வரை, லேப்டாப்பை மாட்டி இன்னொரு தடவை சுத்தம் செய்யவும் விடாதீர்கள்.

சரி, இப்போது விளக்குக்கு வருவோம்.

பழைய டீசல் வண்டிகளில் கார்பன் எங்கே போனது என்று நாம் கேட்டதே இல்லை. பின்னால் வரும் சைக்கிள்காரரின் சட்டைக்குப் போனது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 வந்தது. அதற்கு அடுத்த படியான ஐந்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ்-6 வந்துவிட்டது. டீசலில் இருக்கும் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. டீசல் கார்கள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை விடலாம் என்றிருந்த புகைத்துகளின் அளவு 4.5 மில்லிகிராம் ஆனது. இன்ஜினை மட்டும் திருத்தி இந்த அளவுக்கு இறக்க முடியாது. அதனால்தான் சைலன்சர் இருக்கும் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்து உட்கார்ந்தது.

அது தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு பீங்கான் கட்டை. ஒவ்வொரு குழலும் ஒரு முனையில் அடைபட்டிருக்கும். புகை சுவரின் நுண்ணிய துளைகள் வழியாகப் பக்கத்துக் குழலுக்குப் போகும், கார்பன் சுவரிலேயே தங்கிவிடும். நம் வீட்டுக் காபி ஃபில்ட்டர்தான். வித்தியாசம் என்னவென்றால், காபிச் சக்கையை நீங்கள் தட்டிக் கொட்டுகிறீர்கள், இது தன் சக்கையைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும். நல்ல சரக்கோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையே 300 டிகிரிக்கு மேல் இருக்கும், கார்பன் பாட்டுக்கு மெல்ல எரிந்துகொண்டே போகும். அந்தச் சூடு கிடைக்காத வண்டிகளில், கார்பன் ஒரு அளவு சேர்ந்ததும் கம்ப்யூட்டர் தானே ஒரு வேலை செய்கிறது. எரிந்து முடிந்த சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து அனுப்புகிறது. அது வெளியே போய் ஃபில்ட்டருக்கு முன்னால் உள்ள கேட்டலிஸ்ட்டில் எரிந்து, ஃபில்ட்டரைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்குகிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள், பட்டறையில் ரீஜென் என்போம். ஒழுங்காக முடிய 15, 20 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். டேங்கில் டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் இதைத் தொடங்கவே தொடங்காது.

உங்கள் லைனை இப்போது நினைத்துப் பாருங்கள். காலையில் மன்னார்குடியில் ஸ்டார்ட். மூன்று கிலோமீட்டரில் முதல் கடை. இன்ஜின் ஓட ஓட மூட்டை இறங்குகிறது. அடுத்த ஊர், மறுபடி நிறுத்தம். கடைக்கு எட்டு நிமிடம் என்று வைத்தாலும் 25 கடைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. ஐடிலிங்கில் புகைக்குச் சூடே கிடையாது, கார்பன் மட்டும் சேரும். நடுவில் கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்கியிருக்கும். ஆறாவது நிமிடத்தில் அடுத்த கடை வந்து டிரைவர் சாவியைத் திருப்பியிருப்பார். பாதியில் நின்றது. மதியம் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு போய்ச் சேரும். உங்கள் 'நல்ல செய்தி' இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. குட்டியானைக்கு முக்கால் டன்தான் கணக்கு, அதில் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அது எப்போதும் மூச்சுத் திணறத்தான் ஓடியிருக்கும், அதனால் எப்போதும் சூடாகவே இருந்திருக்கும். புது வண்டி அதைவிடப் பல மடங்கு பெரியது. பிஸ்கட் பெட்டியும் சோப்புப் பெட்டியும் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. காளை மாட்டை வைத்துக் கோலமாவு இழுக்கிற மாதிரி, இன்ஜினுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத டீசல் இன்ஜின் குளிர்ந்துதான் கிடக்கும். வாங்கும்போது 'நாளைக்குத் தேவைப்படுமே' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் ஊர் வழக்கம். பாவாடை சட்டைக்கு அது சரி, பிஎஸ்-6 டீசலுக்குச் சரிப்படாது.

இனி டிபிஎஃப்பை மாற்றச் சொன்ன விஷயம். பணத்தை எடுத்து வைக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். நாளைக்கு 40 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள், இரண்டு வருடம். வண்டி ஓடியது மொத்தம் 24,000 கிலோமீட்டர். ஃபில்ட்டரில் சேர்வது இரண்டு வகை. ஒன்று கார்பன், அது எரிந்துவிடும். இன்னொன்று சாம்பல், அது ஆயிலில் உள்ள உலோக உப்புகளிலிருந்து வருவது, எவ்வளவு சூடாக்கினாலும் எரியாது. சாம்பல் நிறைந்தால்தான் ஃபில்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். சரியான ஆயிலில் ஓடிய வண்டியில் அது நிறைய லட்சத்தை ஒட்டிய கிலோமீட்டர் ஆகும், நெடுந்தூர வண்டிகளில் அதைத் தாண்டியும் போகும். 24,000-ல் சாம்பல் நிறைந்துவிட்டது என்றால் நான் நம்ப மாட்டேன். பீங்கான் உருகியோ வெடித்தோ இருக்கலாம், அது வேறு கதை. வெடித்திருந்தால் டெயில் பைப்பின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், கரி அப்பும். ஃபில்ட்டர் நன்றாக இருக்கிற பிஎஸ்-6 வண்டியின் டெயில் பைப் உள்பக்கம் ஏறக்குறையச் சுத்தமாகத்தான் இருக்கும். குளிர்ந்த பிறகு விடுங்கள் விரலை.

சர்வீஸ் சென்டரில் 'லேப்டாப்பை மாட்டினோம், சரியாகிவிட்டது' என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்: கார்பன் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஃபில்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் எவ்வளவு. ரீஜெனுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை. அழுத்த வித்தியாசம் நன்றாக இறங்கினால் ஃபில்ட்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கவே இல்லையென்றாலும் ஃபில்ட்டர் மேல் உடனே பழி போடக் கூடாது. அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் போகும். அதில் ஒன்று வெடித்திருந்தாலோ கரியோ தண்ணீரோ அடைத்திருந்தாலோ சென்சார் பொய் சொல்லும். குழாய்க்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுச் செலவு. அதைப் பார்க்காமல் ஃபில்ட்டரையே மாற்றிவிட்டு, ஒரு மாதத்தில் அதே விளக்கோடு திரும்பி வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓனரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதே நேரத்தில், கார்பன் ஏன் அதிகம் வருகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்ட்டர் அடைத்திருக்கலாம், அறுவடைக் காலத்தில் நம் பக்கம் அது சீக்கிரமே அடைக்கும். டர்போவிலிருந்து வரும் குழாய் எங்காவது கசியலாம். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று ஒழுகலாம். ஃபில்ட்டர் என்பது கடைசியில் நின்று குப்பை வாங்குகிற ஆள். குப்பை போடுகிறவரை விட்டுவிட்டு அவரை மட்டும் மாற்றி என்ன பயன்?

உங்கள் வண்டிக்கு மருந்து உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திருச்சிச் சரக்கைப் பார்சல் லாரியில் வரவழைக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் உங்கள் லாரியையே காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்புங்களேன். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர், அதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிடும். அங்கிருந்து வல்லம், செங்கிப்பட்டி என்று திருச்சி வரை நான்கு வழிச்சாலை, 50 கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாமல் ஓடலாம். போகும்போது காலி வண்டி, வரும்போது முழு லோடு. அந்தத் திரும்பும் ஓட்டம் இருக்கிறதே, ஃபில்ட்டருக்கு அதைவிட நல்ல வைத்தியம் எந்த லேப்டாப்பிலும் இல்லை. பார்சல் வாடகையும் ஏற்று இறக்குக் கூலியில் ஒரு பங்கும் மிச்சமாகும், அது டீசல் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டும். ஒரு கியர் குறைத்து, இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேலேயே சுற்றும்படி ஓட்டச் சொல்லுங்கள். டாப் கியரில் போட்டுத் தூங்கிக்கொண்டே போனால் சூடு ஏறாது. டேங்கில் குறைந்தது கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும்.

மற்ற நாட்களில் லைனைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். தூரத்து ஊருக்கு முதலில் போய், அங்கிருந்து கடை கடையாக மன்னார்குடி நோக்கித் திரும்பி வரட்டும். காலையில் கிடைக்கிற அந்த இடைவிடாத ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். சரக்கு இறக்கும்போது வண்டியை அணைக்கச் சொல்லுங்கள். டிரைவர்கள் அணைக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. பழைய வண்டிகளில் செல்ஃப் எடுக்காமல் ரோட்டில் நின்று, கடைப்பையன்களை விட்டுத் தள்ள வைத்த அனுபவம். அந்தப் பயம் இந்த வண்டிக்கு வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நீடாமங்கலம் பக்கம் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தாலும் இதே பேச்சுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ரீஜென் நடக்கும்போது அணைக்கக் கூடாது. பல வண்டிகளில் அதற்கென்று தனி விளக்கு உண்டு. விளக்கு இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம். ஐடிலிங் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றும், வண்டிக்குக் கீழே சூடான இரும்பு வாடை வரும். அப்போது கடை வந்துவிட்டதென்றால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சரக்கை இறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்தால் நீங்கள் போனில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வண்டி விற்கிறவர்கள் இதை நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் ஊரில் ரோட்டில் உளுந்து காய்வதில்லை. தை முடிந்து சம்பா அறுவடையானதும் நம் ரோடுகள் களமாகிவிடும். ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் வைக்கோல். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியை அப்படியே ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். பழைய வண்டியில் இது வெறும் தொல்லை. பிஎஸ்-6 வண்டியில் இது நெருப்பு. காய்ந்த செடியும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொண்டு எக்ஸாஸ்ட் பைப்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் திணிந்துகொள்ளும். ரீஜென் நடக்கிற நேரத்தில் அந்தப் பகுதி எவ்வளவு சூடு என்று மேலே சொன்னேன். ஒரு அரிசி வியாபாரியின் வண்டி இப்படி அடியில் புகைய ஆரம்பித்து, பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் இருந்ததால் மட்டும் பிழைத்தது. கோடையாக இருந்திருந்தால் வாய்க்காலில் என்ன இருந்திருக்கும்? அந்த மாதங்களில் டிரைவர் தினமும் இரண்டு தடவை குனிந்து அடியில் பார்த்து, சிக்கியதை ஒரு கொக்கிக் கம்பியால் இழுத்துப் போட வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு. பரப்பி வைத்த செடிமேல் வண்டியை நிறுத்தவே கூடாது. நின்ற இடத்திலேயே ரீஜென் செய்ய உங்கள் வண்டியில் பட்டன் இருந்தால், அதை வெறும் மண் தரையிலோ கான்கிரீட்டிலோ நிறுத்தித்தான் அழுத்த வேண்டும். வைக்கோல்போர் பக்கமும் வேண்டாம், குடோனுக்குள்ளும் வேண்டாம். டெயில் பைப் எதைப் பார்த்து நிற்கிறது என்று ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். ஒரு தீயணைப்பான் வண்டியில் இருக்கட்டும்.

வெட்டி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெட்டிய வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும், முதல் ஆறு மாதம் ஓனர்கள் சந்தோஷமாக இருப்பதும் தெரியும். ஆனாலும் நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஓனரைத்தான் பிடிக்கிறார்கள். வெட்டிய மெக்கானிக் உங்களோடு வந்து நிற்க மாட்டார். புது வணிக வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. நீங்கள் வாங்கி இரண்டு வருடம் என்றால் முதல் எஃப்சியே இப்போதுதான் வரப் போகிறது. அந்த நேரம் பார்த்தா வெட்டுவது? சட்டத்தை விடுங்கள். சாஃப்ட்வேரை ஏமாற்றிய பிறகு அடுத்த கோளாறு வரும்போது லேப்டாப் காட்டுவது எதையும் நம்ப முடியாது. வாரண்டி போனது போனதுதான். விற்கப் போனால், விவரம் தெரிந்தவர் குனிந்து பார்த்துவிட்டு விலையை அறுப்பார்.

அப்புறம், டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. உங்கள் வண்டியின் டெயில் பைப்புக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நின்று மூட்டை இறக்குகிறவர் ஊர்பேர் தெரியாதவர் இல்லை, உங்களிடம் சம்பளம் வாங்குகிற பையன்.

யூரியா. இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும்தான் வரும், டிரைவரைத் திட்டாதீர்கள். கேட்டதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் ஆட்ப்ளூ என்பது உண்மையிலேயே யூரியாக் கரைசல்தான். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். அது சூடான புகையில் தெளிக்கப்பட்டு அமோனியாவாக மாறி, அதற்கென்று உள்ள இன்னொரு கேட்டலிஸ்ட்டில் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக உடைக்கிறது. வயலுக்குப் போடும் யூரியா அப்படிப்பட்டதில்லை. 2015 முதல் அது முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. பையூரெட் என்ற கழிவும் அதில் கூடுதலாக இருக்க அனுமதி உண்டு, பயிருக்கு அது பரவாயில்லை. உங்கள் வண்டியில் வேப்பெண்ணெய் ஆட்ப்ளூ தெளிக்கும் நாசிலை அடைக்கும், போர் தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தக் கேட்டலிஸ்ட்டின் மேல் படிந்து அதைச் செத்துப்போக வைக்கும். கேட்டலிஸ்ட்டின் விலையைக் கேட்டால் ஆட்ப்ளூ இனாமாகக் கிடைப்பது போலத் தோன்றும். 100 லிட்டர் டீசலுக்கு ஆட்ப்ளூ 3 முதல் 5 லிட்டர்தான் ஆகும். மானிய யூரியாவை விவசாயம் அல்லாத வேலைக்குத் திருப்புவது அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் வரும் குற்றம் என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

நல்ல ஆட்ப்ளூவையும் நாம் கெடுத்துவிட முடியும். கேனை வாங்கி வண்டியின் பின்னால் வெயிலில் போட்டு வைப்பார்கள். 30 டிகிரிக்கு உள்ளே வைத்தால் ஒரு வருடம் தாங்குகிற சரக்கு, நம் சித்திரை வெயிலில் அவ்வளவு நாள் தாங்காது. குடோனில் நிழலான மூலையில் வையுங்கள், சின்னக் கேனாக வாங்குங்கள், ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்தால் பயம் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். ஆட்ப்ளூ டேங்கின் நீல மூடிக்குள் டீசலோ, டீசல் டேங்குக்குள் ஆட்ப்ளூவோ தவறிப் போய்விட்டால், சாவியையே போடாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். சாவியைப் போட்டாலே பம்ப் ஓடி அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்விடும்.

ஆயிலைப் பொறுத்தவரை உங்கள் மேனுவலில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். சாம்பல் குறைந்த ஆயிலாக இருக்க வேண்டும். குட்டியானைக்கு வாங்கிய பழைய டின் மீதி இருந்தால் அதை வீட்டுக் கேட் கீலுக்குப் போடுங்கள். டீசலை பங்கிலேயே அடியுங்கள். பம்புசெட்டுக்கு என்று பேரலில் வாங்கி வைத்ததில் ஒரு வாளி எடுத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பேரலின் அடியில் வியர்த்த தண்ணீர் நிற்கும். இந்த இன்ஜெக்டர்கள் 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்பவை, ஒரு சொட்டுத் தண்ணீரும் அவற்றுக்கு மணல்தான். டீசல் ஃபில்ட்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி திறந்து வடியுங்கள். மழை வெள்ளத்தில் டெயில் பைப் மூழ்கும் அளவு தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்து வெளியே கொண்டு வாருங்கள். வயல் எலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வந்தால் அவை முதலில் ஏறுகிற மேடு உங்கள் வண்டியின் பானட்டுக்குள்தான், அங்கே கடிக்க இப்போது முன்பைவிட நிறைய ஒயர் இருக்கிறது.

கடைசியாக, விற்பதா வேண்டாமா. மூன்று மாதம் திருச்சி ஓட்டத்தோடு ஓட்டிப் பாருங்கள். விளக்கு வராமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் குறை ஒன்றும் இல்லை. குழாய், சென்சார், இன்ஜெக்டர் எல்லாம் சரி, ஓட்டமும் சரி, இருந்தும் விளக்கு வருகிறது என்றால் அப்போது பேசலாம். திருச்சி ஓட்டமே உங்கள் வியாபாரத்துக்கு ஒத்துவராது, தினமும் அதே 40 கிலோமீட்டர்தான் என்றால், தயங்காமல் விற்றுவிடுங்கள். தினமும் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் லோடு அடிக்கிற ஒருவரிடம் போனால் இதே வண்டி வாயைத் திறக்காமல் ஓடும். உங்கள் லைனுக்கு அடுத்து வாங்குவது சின்ன எலெக்ட்ரிக் வண்டியாகவோ, உங்கள் பாதையில் பங்க் இருந்தால் சிஎன்ஜி வண்டியாகவோ இருக்கட்டும். 40 கிலோமீட்டர், 25 நிறுத்தம், ராத்திரி குடோனில் ஓய்வு என்பது எலெக்ட்ரிக் வண்டிக்கென்றே அமைந்த வேலை. டீசலில் கை கறுத்த நான் இதைச் சொல்வது என் மகனுக்கே ஆச்சரியம்.

அப்பாவிடம் அவர் சொல்வது பாதி சரி என்று சொல்லுங்கள். அந்த 40 கிலோமீட்டருக்குக் குட்டியானை அளவே போதும். அதன் புகையைத் தவிர அதில் குறை சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை.

ஆயிலை மாற்றியதும், சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் அந்த மூன்று எண்களையும், ரப்பர் குழாய்களைப் பார்த்தார்களா என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை ஃபில்ட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.